கிள்ளான் பள்ளத்தாக்கின் கற்கள்



மேரு என்றதும், புராணம் கேட்டு வளர்ந்தவர்களின் நினைவில் எழுவது பொன்மலை. உலகின் நடுவில் நிற்பதாகச் சொல்லப்படும் மாமலை அது. கிள்ளானுக்கு வடக்கே உள்ள நமது மேருவோ பெரும்பாலும் சமதரை. பல இடங்களில் மண்வெட்டியால் எவ்வளவு வெட்டினாலும் ஒரு கூழாங்கல்கூடத் தட்டுப்படாது. சேறும், அதன் கீழே சாம்பல் நிறக் களிமண்ணும்தான். நம் பிள்ளைகள் கல் பொறுக்க வேண்டுமானால் சாலையோரத்தில் கொட்டிக் கிடக்கும் சல்லியைத் தேடித்தான் போகவேண்டும். அந்தச் சல்லியும் எங்கோ ஒரு மலையை வெடிவைத்து உடைத்து, லாரியில் ஏற்றி வந்ததே.

ஆனால் ஊர்ப் பெயர்களில் கல்லுக்குப் பஞ்சமில்லை. மேருவுக்குப் பக்கத்திலேயே பத்து பெலா இருக்கிறது. பிளந்த கல் என்பது அதன் பொருள். மைல்கல்லையும் மலாய்க்காரர் 'பத்து' என்றே வழங்கினர். ஆகவே பத்து தீகா என்பது நம்மவர் பேச்சில் மூன்றாங்கட்டை. பத்துமலை என்ற பெயரைக் கேட்டு, அங்கே மலைகள் பத்து உண்டோ என்று எண்ணத் தொடங்கும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பத்து எண்ணன்று, கல். இந்தக் கற்கள் எப்போது, எப்படித் தோன்றின? அவற்றால் இந்தப் பள்ளத்தாக்குக்கும் இங்கு வந்து சேர்ந்த நமக்கும் என்ன நேர்ந்தது? இதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். கோலாலம்பூர் நகரம் பிறந்ததற்கும் கல்தான் காரணம். சில வீடுகள் சரிந்து விழுந்ததற்கும் அதற்குத் தொடர்பு உண்டு.

முதலில் பூமியின் உள்ளே போவோம். தரையிலிருந்து பூமியின் மையம்வரை 6,371 கிலோமீட்டர். அதில் நாம் குடியிருக்கும் மேலோடு மிக மெல்லியது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் போகும் தூரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம் நேர்கீழே இறங்க முடிந்தால் மேலோடு முடிந்துவிடும். அதன் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருப்பது இடைப்பகுதி. பூமிக்குள் எல்லாம் கொதிக்கும் குழம்பு என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. இடைப்பகுதியின் பாறை கடும் சூட்டில் இருந்தாலும், மேலிருந்து அழுத்தும் பாரத்தால் உருகாமல் கெட்டியாகவே இருக்கிறது. ஆயினும் அது மிக மெல்ல நகர்கிறது; ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நம் விரல் நகம் வளரும் வேகம். அதற்கும் கீழேதான் உண்மையான குழம்பு, இரும்பும் நிக்கலும் உருகிய கடல், இருக்கிறது. அதன் நடுவில், அழுத்தத்தின் மிகுதியால் மறுபடியும் கெட்டியான இரும்பு உருண்டை ஒன்று உள்ளது.

யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். ஒருவரும் போகவில்லை. ரஷ்யாவில் கோலா என்னும் இடத்தில் தோண்டிய துளைதான் செங்குத்தாக மிக ஆழமாகப் போனது. 1989-இல் அது 12,262 மீட்டரை எட்டி, அதற்குமேல் சூட்டினால் போக முடியாமல் நின்றது. மேலோட்டில் பாதியைக்கூட அது தாண்டவில்லை. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பழுத்ததா என்று நாம் சொல்வதில்லையா? நிலநடுக்கம் பூமியைத் தட்டுகிறது; அந்த அதிர்வு மறுபக்கத்தில் எப்போது, எப்படி வந்து சேர்கிறது என்று அறிஞர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். இந்தியாவில் நிலஆய்வுத் துறையில் பணியாற்றி, 1897-ஆம் ஆண்டு அஸ்ஸாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்ட்ஹாம் என்பவர், 1906-இல் பூமிக்கு ஒரு நடுக்கரு உண்டு என்று காட்டினார். அந்தக் கருவுக்குள்ளும் வேறொரு கரு உண்டு என்பதை 1936-இல் கண்டு சொன்னவர் டென்மார்க் நாட்டுப் பெண்மணி இங்கே லேமன்.

ஆழம் போகப்போகச் சூடு ஏறும் என்பதை நம்மவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை, உடம்பால் அறிந்தார்கள். கங்காணிமாரின் பின்னே நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேறு பலர் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். 1880-இல் ஓர் ஆங்கிலக் கம்பெனி அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகியது. அடியில் பாறையின் சூடு அறுபது பாகைக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் அங்கே ஆள் நிற்க முடியும். 2001-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. பால்மரக் காட்டுக்கு வந்தவர்களும் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர்களும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்திருக்கக்கூடும்.

நமக்கும் அந்தச் சூட்டுக்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. செலாயாங்கிலும், செத்தாப்பாக் ஆயர் பானாசிலும், உலு லங்காட் டூசுன் துவாவிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. முட்டிவலிக்காரர்கள் காலை அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அங்கே எரிமலை ஏதும் இல்லை. மழைநீர் கருங்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, ஆழத்தில் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே மேலே திரும்புகிறது, அவ்வளவுதான்.

பள்ளிப் புத்தகங்களில் பாறை மூவகைப்படும் என்று ஓர் அட்டவணை இருக்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் மறப்பார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று என்பது நம் எண்ணம். கிள்ளான் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடல்வரை ஒருமுறை நடந்து பார்த்தால் அந்த மூன்றும் தாமே எதிரே வந்து நிற்கும்.

முதலில் பழையதைச் சொல்வோம். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இன்று கோலாலம்பூர் நிற்கும் இடத்தில் ஆழமற்ற வெதுவெதுப்பான கடல் இருந்தது. கடல்வாழ் சிற்றுயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அதன் தரையில் படிந்து, ஒன்றின்மேல் ஒன்றாய் அமுங்கிக் கல்லாயின. நீர் கொண்டுவந்து சேர்த்ததாலும் நீரிலே படிந்ததாலும் உண்டாகும் இத்தகைய கல்லுக்குப் படிவுப்பாறை என்று பெயர். கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பதும், பத்துமலையாகத் தலைநீட்டி நிற்பதும் இந்தச் சுண்ணாம்புக்கல்லே. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு நீரில் நீற்றினால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கிடைக்கும். அதே கல்லோடு களிமண்ணைச் சேர்த்துச் சுட்டு அரைத்தால் சிமெண்டு. பத்துமலைக் குகையின் முன்னே 2006 முதல் நிற்கும் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை கான்கிரீட்டால் ஆனது. ஆகவே சிலையும் பின்னால் நிற்கும் மலையும் உறவுக்காரர்கள்தாம்.

பிறகு, இன்றைக்கு 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இரண்டு நிலப்பரப்புகள் நெருங்கி மோதின. இடையே இருந்த கடல் மூடிக்கொண்டது. ஆழத்தில் மேலோட்டுப் பாறை உருகிக் குழம்பாகி மேலெழுந்தது. ஆனால் வெளியே வழியவில்லை. பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆறியது. பாகைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் பெரிய பெரிய கற்கண்டு கட்டுவதையும், சட்டென்று ஆறவிட்டால் கட்டாமல் போவதையும் பெண்கள் அறிவார்கள். அதுபோலவே மெல்ல ஆறிய குழம்பிலும் பொடிகள் பெரிதாக விளைந்தன. அதுதான் நம் அம்மியும் ஆட்டுக்கல்லும் ஆன கருங்கல். வெயிலில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பொடியும், வெள்ளைப் பொடியும், மின்னும் கறுப்புப் பொடியும் தனித்தனியே தெரியும். குழம்பு ஆறி உண்டானதால் இதைத் தீப்பாறை என்பர். மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கரைந்துபோக, உள்ளிருந்த கருங்கல் வெளிப்பட்டுத் தித்திவங்சா மலைத்தொடராயிற்று. கெந்திங் மலைக்கு ஏறும் பாதையில் வெட்டி விட்ட கல்லெல்லாம் அதுவே. பகாங்கில் குவாந்தான் பக்கம் வெளியே வழிந்து விரைவில் ஆறிய எரிமலைப் பாறை இருக்கிறது. அது கறுத்து, பொடியே தெரியாமல் இருக்கும்.

குழம்பு மேலே வந்தபோது அருகிலிருந்த சுண்ணாம்புக்கல் வெந்தது. வெந்த கல் உருகவில்லை. ஆனால் பழைய ஓடும் சேறும் அடையாளம் தெரியாதபடி மாறி, பளிங்குபோல் பொடிபொடியாயிற்று. தோட்டத்தில் பால் உறைந்த கட்டியை உருளையில் கொடுத்து அழுத்தி, புகைக்கூடத்தில் சூடுகாட்டினால் தகடாக வருவதில்லையா? அது அதே ரப்பர்தான். குணமும் தோற்றமும் வேறு. இப்படிச் சூட்டினாலும் அழுத்தத்தினாலும் மாறிய கல் உருமாறிய பாறை. களிமண் கல் பலகைப்பாறையாவதும், சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவதும் இப்படித்தான். கோலாலம்பூர்ச் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி பாதிச் சலவைக்கல் என்று சொல்லிவிடலாம்.

கருங்கல் ஆறி முடிந்தபின்னும் ஆழத்திலிருந்து சூடான நீர் வெடிப்புகளில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நீரில் கரைந்திருந்த படிகம் வெடிப்பை அடைத்து இறுகியது. உலு கிள்ளானிலே, 1958-இல் கட்டி முடிந்த கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டின் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று பல் வரிசைபோல் நிற்கும் மலைமுகடு அப்படி உண்டானது. பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். உலகிலேயே மிக நீண்ட படிகக்கல் முகடுகளில் அதுவும் ஒன்று. சுற்றியிருந்த கருங்கல் கரைந்துபோயும் படிகக்கல் கரையவில்லை. கோலாரில் தங்கம் கிடைத்ததும் இத்தகைய படிகக் கொடிகளில்தான். நம் மலைகளில் அந்தச் சூடான நீர் கொண்டுவந்தது தங்கமன்று, ஈயம்.

நம் நாட்டுச் சரித்திரம் திரும்பிய இடம் இது. ஈயக்கல் மணலைவிட மிகக் கனமானது. மழை கருங்கல்லை அரித்து ஆற்றில் கொண்டுவரும்போது மணல் ஓடிவிடும். ஈயக்கல் அடியில் தங்கும். கோலாலம்பூரின் அடியிலோ சுண்ணாம்புக்கல் மேடும் பள்ளமுமாய், குத்தீட்டிகள் நட்டதுபோல் கிடக்கிறது. அந்தப் பள்ளங்களிலெல்லாம் ஈயமணல் போய்ச் சேர்ந்தது. மரத்தட்டில் மணலை அள்ளி நீரில் சுழற்றி, ஈயத்தை மட்டும் நிறுத்திக்கொள்ளும் டூலாங் பெண்கள், ஆறு கோடிக்கணக்கான ஆண்டுகள் செய்த வேலையைத்தான் கையால் செய்தார்கள்.

1857-இல் கிள்ளானின் தலைவர் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடம்வரை படகு போயிற்று. அதற்குமேல் காட்டுவழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டு மாண்டவர் போக 18 பேரே மிஞ்சினர் என்று சரித்திரம் கூறுகிறது. பின்னும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். படகு நின்ற இடத்தில் கடைகள் எழுந்தன. அதுதான் கோலாலம்பூர். ஈயத்துக்காகவே 1867 முதல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஈயத்துக்காகவே 1880-இல் ஆங்கிலேயர் சிலாங்கூரின் தலைநகரைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினர். ராஜா அப்துல்லா கட்டிய பண்டகசாலை இன்றும் கிள்ளான் நகரில் நிற்கிறது.

லம்பங்களில் மண் தோண்டியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். நம்மவர் வேறு கல்லோடு மல்லுக்கட்டினார்கள். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவரை ரயில் ஓடியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானுக்கு வந்தது. ஈயத்தைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதல் வேலை. தண்டவாளத்தின் கீழே கொட்டவும் சாலை போடவும் மலைக்கல்லைச் சல்லியாக உடைக்கவேண்டும். அந்த வேலையில் தமிழர் ஆணும் பெண்ணுமாக நின்றார்கள். 1881-இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. மரமும் அத்தாப்பும் போதாது, செங்கல்லால் கட்டுங்கள் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னால் ரயில்வேத் தொழிலாளர் குடியேறி அது தமிழர் வட்டாரமாயிற்று. கருங்கல்லில் உள்ள வெள்ளைப் பொடி மழையில் மட்கினால் களிமண்ணாகும். அந்தக் களிமண்ணைச் சுட்டால் செங்கல். ரயிலை ஓட்டக் கரியும் வேண்டியிருந்தது. ராவாங் பக்கத்துப் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். அது பழங்காலக் காட்டுமரங்கள் சேற்றில் அமுங்கிக் கல்லானது.

இனிப் பத்துமலைக்குத் திரும்புவோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய புளிப்பாகிறது. எலுமிச்சம்பழச் சாற்றைச் சுண்ணாம்புக்கல்லில் விட்டால் நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும், அதற்கு அவகாசம் நிறைய இருந்தது. வெடிப்பு வாய்க்காலாகி, வாய்க்கால் குகையாயிற்று. கூரையிலிருந்து சொட்டும் நீர் தன்னிடமுள்ள சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போவதால் தொங்கும் கல் விழுதுகள் உண்டாகின்றன. ஒரு சென்டிமீட்டர் வளர நூறாண்டு ஆவதும் உண்டு. 1878-இல் அமெரிக்கரான ஹோர்னடே எழுதிய பின்னரே இக்குகை வெளியுலகுக்குத் தெரிந்தது என்று சொல்வார்கள். காட்டில் வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அது முன்பே தங்குமிடம். 1891-இல் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனுக்குக் கோயில் அமைத்தார். 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. 272 படி ஏறிப்போகும் பக்தர் ஒவ்வொருவரும் அந்தப் பழைய கடலின் தரைக்குள்தான் நுழைகிறார்.

அந்த மலையையே நாம் இழந்திருப்போம். சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் வேண்டும் என்று அதன் ஒரு பக்கத்தை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். குகையின் உள்ளே இருக்கும் அரிய சிலந்திக்காகவும் விழுதுகளுக்காகவும் இயற்கை ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். கோயிலுக்காகப் பக்தர்கள் கவலைப்பட்டார்கள். 1980-களில் கல்லுடைப்பு நின்றது. உடைத்த பக்கத்தை இன்றும் மொட்டைச் சுவராகப் பார்க்கலாம். அதில் ஒரு விழுதும் இல்லை.

ஈயத்தின் காலமும் அதே வேளையில்தான் முடிந்தது. 1985-இல் உலகச் சந்தையில் விலை சரிந்ததும் லம்பங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சுங்கை பீசியிலும் சன்வேயிலும் இன்று உல்லாச ஏரிகளாகத் தெரிபவை பழைய லம்பக் குழிகள். தோட்டங்களும் விற்கப்பட்டு, லயங்களிலிருந்து நம் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் பெயர்ந்தன. எந்தக் கல்லின்மேல், எந்த மண்ணின்மேல் வீடு நிற்கிறது என்ற கேள்வி இதனால் நம் வீட்டுக் கேள்வியாகிவிட்டது.

1990-களில் இரட்டைக் கோபுரம் கட்டும்போது, முதலில் குறித்த இடத்தின் ஒரு பாதி கல்மேலும் மறுபாதி மண்மேலும் இருப்பது தெரிந்தது. கோபுரத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிவைத்து, சில தூண்களை நூறு மீட்டருக்கும் ஆழமாக இறக்கினார்கள். அந்த வசதி எல்லாருக்கும் உண்டா? 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் மலைச்சரிவோடு விழுந்து 48 பேர் மாண்டனர். மட்கிய கருங்கல் மண் பார்வைக்குக் கெட்டி. நீர் இறங்கி ஊறினால் நழுவும். 2024 ஆகஸ்ட் 23-இல் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி விழுந்தார். நாட்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. அங்கே சுண்ணாம்புக்கல்லோடு நிலத்தடி நீரும் பழைய குழாய்களும் காரணமாகப் பேசப்பட்டன. சரிவில் மரங்கள் சாய்வது, மதில் வயிறு தள்ளுவது, தரை வெடிப்பு நாளுக்கு நாள் அகல்வது, மழை விட்டபின்னும் மண்ணீர் கசிவது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காமல் நகராண்மைக் கழகத்துக்கு அறிவிக்கவேண்டும்.

மேருவில் நமக்குச் சரிவும் இல்லை, குகையும் இல்லை. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்து, இந்தச் சமவெளி நீருக்கடியில் கிடந்தது. ஆறு மலையிலிருந்து கொண்டுவந்த கருங்கல் மாவும் கடற்சேறும் கலந்து படிந்ததே நம் களிமண். வெட்டும்போது சிப்பி கிடைப்பது அதனால்தான். இன்னும் கல்லாகாத படிவு அது. பாரம் ஏற்றினால் நீரைப் பிழிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அமிழும். வீட்டுக்குப் பின்னால் சமையற்கட்டை நீட்டிக் கட்டியவர்கள், சில ஆண்டுகளில் அது வீட்டைவிட்டுப் பிரிந்து ஓர் அங்குலம் இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். பழைய வீடு பைலிங்கின்மேல் நிற்கிறது. புதிய சமையற்கட்டு வெறும் களிமண்ணின்மேல் நிற்கிறது. கிள்ளான் வட்டாரத்தில் கெட்டித்தரை முப்பது மீட்டர் ஆழத்தில் இருப்பதும் உண்டு. கொத்தனாரிடம் பேரம் பேசும்போது, ஓட்டின் விலையைக் கேட்பதற்கு முன்னால் பைலிங் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டுவிடலாம்.